அமெரிக்கச் சிற்றூர்த் தனியார் பல்கலைக்கழகம்: சேருமுன் எதை, எங்கே, எப்படிப் பார்ப்பது?

அயோவா மாநிலத்தில் கிரினெல் என்ற சிற்றூரில் அதே பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. சுமார் 1,700 மாணவர்கள். கொடைகளை முதலீடு செய்து சேர்த்துவைத்த அதன் அறக்கொடை நிதி 2 பில்லியன் டாலருக்கு மேல். அதே மாநிலத்தில் மவுன்ட் பிளசன்ட் என்ற இன்னொரு சிற்றூரில் 1842-இல் தொடங்கப்பட்ட அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருந்தது. 2023 மே மாதம் அது மூடப்பட்டது.

இந்த மாதிரி இடங்களின் விளம்பரக் கையேடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. செங்கல் கட்டடம், பச்சைப் புல்வெளி, வகுப்புக்குப் பதினைந்து பேர், பெயர் சொல்லிக் கூப்பிடும் பேராசிரியர். எல்லாமே பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் நான்கு வருடம் தாக்குப்பிடிக்குமா, உங்கள் பாடத்தை நான்கு வருடமும் நடத்துமா, அந்த ஊரில் உங்களால் இருக்க முடியுமா என்ற மூன்று கேள்விக்கும் கையேட்டில் பதில் கிடையாது. பதில்கள் அரசுத் தளங்களிலும் அந்தப் பல்கலைக்கழகமே வெளியிடும் ஆவணங்களிலும் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு பல்கலைக்கழகத்துக்கு இரண்டு மாலை நேரம் ஒதுக்கினால் போதும். தரவரிசைப் பட்டியலைக் கடைசியில் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம்.

இந்த வழிகாட்டி இளநிலைப் படிப்புக்காக எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முதுநிலைக்குப் போகிறவர்களுக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை பின்னால் வருகிறது.

முதலில் அங்கீகாரம்

அமெரிக்கக் கல்வித் துறை டாபிப் என்ற பெயரில் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் எல்லாம் அதில் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடி, எந்த அமைப்பு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காண்டுப் பட்டப் படிப்புக்கு ஹெச்எல்சி, எம்எஸ்சிஹெச்இ, நெச்சே, சாக்ஸ்காக், என்டபிள்யூசிசியு, வாஸ்க் ஆகிய ஆறில் ஒன்றாக இருப்பது நல்லது. முன்பு இவற்றை வட்டார அங்கீகார அமைப்புகள் என்பார்கள். 2020-இல் கல்வித் துறை அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. ஆனாலும் கிரெடிட்டை, அதாவது படித்து முடித்த பாடங்களின் கணக்கை, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றும்போது பழைய வழக்கம் இன்னும் செல்லுபடியாகிறது. இந்த ஆறுக்கு வெளியே அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்த பாடங்களை ஏற்க மறுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு.

அங்கீகாரம் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அங்கீகாரத்திலும் நிலைகள் உண்டு. அங்கீகார அமைப்பின் தளத்திலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து, 'வார்னிங்', 'ப்ரொபேஷன்', 'ஷோ காஸ்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது எச்சரிக்கை. இரண்டாவது, குறைகளைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லும் கண்காணிப்பு நிலை. மூன்றாவது, 'உங்கள் அங்கீகாரத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது?' என்று கேட்கும் நோட்டீஸ். கூடவே வெளியிடப்படும் அறிவிப்பையும் படியுங்கள். பாடத்திட்ட மதிப்பீட்டில் குறை என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் காகித வேலை. நிதி ஆதாரம் பற்றிய குறை என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

பொறியியல் படிப்பு என்றால் ஏபெட் சான்று தனியாக வேண்டும். செவிலியர் படிப்புக்கு சிசிஎன்இ அல்லது ஏசென். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தும் துறைக்கு இல்லாமல் போவது சிறிய இடங்களில் சாதாரணம். புதிதாகத் தொடங்கிய துறைகளில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அடுத்து, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க, மாணவர் விசாத் திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பான செவிப்பின் அனுமதி இருக்கிறதா என்று 'ஸ்டடி இன் தி ஸ்டேட்ஸ்' அரசுத் தளத்தில் பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று, குடிவரவுத் துறையே பொறியாக நடத்திய போலி நிறுவனம், 2019 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. சேர்ந்திருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். அங்கே வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. நடக்கும் வகுப்பின் அட்டவணையும் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலும் கண்ணில் படாத எந்த இடமும் வேண்டாம்.

பணம் எங்கே இருக்கிறது?

சிறிய தனியார் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் பெரிதாகக் கிடையாது. மாணவர் கட்டணமும் விடுதி வருமானமும்தான் வீட்டை ஓட்டுகின்றன. அதனால் முதலில் பார்க்க வேண்டியது மாணவர் எண்ணிக்கை. 'காலேஜ் நேவிகேட்டர்' அரசுத் தளத்தில் இப்போதைய எண் இருக்கும். கல்வித் துறை தொகுக்கும் ஐபெட்ஸ் தரவில் பழைய வருடங்களும் கிடைக்கும். பத்து வருட எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். மொத்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஆன்லைன் முதுநிலை மாணவர்களையும், பள்ளியில் இருந்தபடியே ஒரு பாடம் படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்து மொத்தத்தை உப்ப வைக்க முடியும். முழுநேர இளநிலை மாணவர்கள் எத்தனை, அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை என்ற இரண்டு எண்தான் வேண்டும். பத்து வருடத்தில் இது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மீதி ஆவணங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

அடுத்தது ஃபார்ம் 990. லாப நோக்கற்ற நிறுவனங்கள் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் அறிக்கை இது. புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் 'நான்-பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் பெயரைப் போட்டால் பல வருட அறிக்கைகள் வரும். நூறு பக்கம் இருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை சில வரிகள்தான். முதல் பக்கத்தில் 12-ஆம் வரி மொத்த வரவு, 18-ஆம் வரி மொத்தச் செலவு, 19-ஆம் வரி இரண்டுக்குமான வித்தியாசம். ஐந்து வருட 19-ஆம் வரிகளை வரிசையாக எழுதுங்கள். ஒரு வருடம் பற்றாக்குறை என்றால் பரவாயில்லை, கூரை மாற்றியிருப்பார்கள். நான்கு வருடம் தொடர்ந்து பற்றாக்குறை என்றால் சேமிப்பைக் கரைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அந்தச் சேமிப்பு எவ்வளவு என்பது பத்தாம் பகுதியில் இருக்கிறது. 27-ஆம் வரி, கட்டுப்பாடு இல்லாத சொத்து. 28-ஆம் வரி, கொடையாளர்கள் இன்ன காரியத்துக்கு என்று கட்டிவைத்த சொத்து. இரண்டையும் கூட்டி 'எங்களிடம் இத்தனை மில்லியன் இருக்கிறது' என்று அலுவலகத்தில் சொல்வார்கள். ஆனால் இசைத் துறை உதவித்தொகைக்கென்று ஒருவர் எழுதிவைத்த பணத்தை எடுத்து மின்கட்டணம் கட்ட முடியாது. நெருக்கடியில் கைகொடுப்பது 27-ஆம் வரிதான். அதிலும் கட்டடங்களின் மதிப்பு கலந்திருக்கும் என்பதால் கையில் உள்ள ரொக்கம் இன்னும் குறைவு. அறக்கொடை நிதியின் ஐந்து வருடக் கணக்கு ஷெட்யூல் டி, ஐந்தாம் பகுதியில் வரும். முதலீடு நன்றாக ஏறிய வருடங்களிலும் நிதி இறங்கியிருந்தால் அளவுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். 4 முதல் 5 சதவீதம் எடுப்பது வழக்கம்.

இந்த நிதி மாணவனுக்கு என்ன செய்கிறது என்று ஒரு கணக்கு. 2 பில்லியன் டாலரில் 4 சதவீதம் என்பது 80 மில்லியன். அதை 1,700 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு வருடத்துக்கு 47,000 டாலர் வருகிறது. நிதி வெறும் 20 மில்லியன், மாணவர் 900 பேர் என்று வைத்தால், 5 சதவீதம் எடுத்தாலும் ஆளுக்கு 1,100 டாலர்தான். முதல் இடத்தில் உதவித்தொகை கையில் இருக்கும் பணத்திலிருந்து வருகிறது. இரண்டாவது இடத்தில் அது பெரும்பாலும் விலைப்பட்டியலில் அடித்துக் காட்டிய தள்ளுபடி. தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கான கட்டணத் தள்ளுபடி சராசரியாகப் பாதிக்கு மேல் போய்விட்டது. '25,000 டாலர் ஸ்காலர்ஷிப்' என்ற கடிதம் வந்தால் மகிழலாம். ஆனால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் அநேகமாக அதே கடிதம் வந்திருக்கும்.

தேவாலயத்தைச் சேர்ந்த சில நிறுவனங்கள் ஃபார்ம் 990 தாக்கல் செய்யத் தேவையில்லை. அப்படியானால் தணிக்கை அறிக்கையைத் தேடுங்கள். மத்திய அரசுப் பணம் குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவிடும் லாப நோக்கற்ற நிறுவனங்களின் தணிக்கை, 'ஃபெடரல் ஆடிட் கிளியரிங்ஹவுஸ்' தளத்தில் பொதுப் பார்வைக்கு இருக்கிறது. அதில் 'கோயிங் கன்சர்ன்' என்ற சொற்றொடரைத் தேடுங்கள். இன்னும் ஒரு வருடம் நிறுவனம் ஓடுமா என்று தணிக்கையாளருக்கே கணிசமான சந்தேகம் இருக்கும்போதுதான் அதை எச்சரிக்கையாக எழுதுவார்கள். சிவப்பு விளக்கு என்று இந்தக் கட்டுரையில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது இதுதான்.

கல்வித் துறை தரும் நிதிப் பொறுப்பு மதிப்பெண் ஒன்றும் உண்டு. மைனஸ் 1 முதல் 3 வரை. 1.5 வந்தால் தேர்ச்சி, 1-க்குக் கீழே தோல்வி, நடுவில் இருந்தால் கண்காணிப்பு. வெளியாவதற்குள் பழையதாகிவிடும் மதிப்பெண் இது, ஆகவே துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'ஹைட்டன்ட் கேஷ் மானிட்டரிங்' பட்டியல் அதைவிடப் புதியது. அதில் இரண்டாம் நிலையில் பெயர் இருந்தால், மாணவர் உதவிப் பணத்தை அரசு முன்கூட்டிக் கொடுக்க மறுத்து, கணக்குக் காட்டிய பிறகே தருகிறது என்று பொருள்.

கடைசியாக உள்ளூர்ப் பத்திரிகை. பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். மேற்கு வர்ஜீனியாவின் ஃபிலிப்பி என்ற சிற்றூரில் இருந்த ஆல்டர்சன் பிராடஸ் பல்கலைக்கழகம் ஊராட்சிக்கு மின்சார, தண்ணீர்க் கட்டணம் பாக்கி வைத்திருந்தது உள்ளூரில் செய்தியானது. 2023 ஜூலை இறுதியில், வகுப்பு தொடங்கச் சில வாரமே இருக்கும்போது, பட்டம் வழங்கும் உரிமையை மாநிலம் எடுத்துக்கொண்டது. மிச்சிகனின் ஹான்காக்கில் ஃபின்லாண்டியா பல்கலைக்கழகம் 2023 மார்ச்சில் மூடல் அறிவித்தது. நியூயார்க் மாநிலத்து அரோராவில் 1868 முதல் இருந்த வெல்ஸ் கல்லூரி 2024 ஏப்ரல் 29 அன்று அறிவித்தது. அடுத்த வருட இடத்துக்கு முன்பணம் கட்டக் கடைசி நாளாகப் பல கல்லூரிகள் வைத்திருப்பது மே 1. தேதிகளைப் பாருங்கள்: மாணவனுக்கு வசதியான நேரத்தில் யாரும் மூடுவதில்லை.

நெருக்கடி என்றாலே மூடல் என்றும் இல்லை. வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரையர் கல்லூரி 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தது. பழைய மாணவிகள் பணம் திரட்டி, நீதிமன்றம் போய், அதைக் காப்பாற்றினார்கள். இன்றும் நடக்கிறது. இருந்தாலும், கடல் கடந்து போய் அந்த மாதிரிப் போராட்டத்தின் நடுவில் உட்கார வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

உங்கள் பாடம் உண்மையில் நடக்கிறதா?

இங்கேதான் சிறிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'கேட்டலாக்' என்பது நடத்தக்கூடிய பாடங்களின் பட்டியல். 'கிளாஸ் ஷெட்யூல்' என்பது நடந்த பாடங்களின் பட்டியல். முதலாவதில் கணினி அறிவியலுக்கு முப்பது பாடம் இருக்கும். இரண்டாவதில் அந்த செமஸ்டரில் ஆறுதான் இருக்கும்.

செய்ய வேண்டியது இது. பதிவாளர் அலுவலகத்தின் பக்கத்தில் கடந்த நான்கு செமஸ்டர் அட்டவணைகளை எடுங்கள். வெளியாருக்குத் திறக்காவிட்டால் சேர்க்கை அலுவலகத்திடம் பிடிஎஃப் கேளுங்கள், தருவார்கள். உங்கள் மேஜரில், அதாவது முதன்மைப் பாடத்தில், 300, 400 எண் வரிசையில் வரும் மேல்நிலைப் பாடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, எந்த செமஸ்டரில் வந்தது, யார் எடுத்தார், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். மூன்று விஷயம் துலங்கும். கட்டாயப் பாடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறதா? ஒரே ஆசிரியர் ஐந்து பாடம் எடுக்கிறாரா? ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் 'ஸ்டாஃப்' என்று மட்டும் இருக்கிறதா?

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் பாடத்தை ஒரு தடவை தவறவிட்டால் படிப்பு ஐந்தாவது வருடத்துக்கு நீளும். நான்கைந்து பேர் மட்டும் சேர்ந்தால் பாடத்தையே ரத்து செய்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக வேறு கல்லூரியின் ஆன்லைன் பாடத்தை எடுக்கச் சொல்வது இப்போது பரவலான வழக்கம். அமெரிக்க மாணவருக்கு இதனால் சிக்கல் இல்லை. எஃப்-1 மாணவருக்குச் சிக்கல் உண்டு. செமஸ்டருக்கு 12 கிரெடிட் முழுநேரம் என்ற கணக்கில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும். இரண்டு பாடம் ரத்தாகி இரண்டுமே ஆன்லைனுக்குப் போனால் விசா நிலைக்கே ஆபத்து. வகுப்பு ரத்தானால் என்ன மாற்று என்று கேட்கும்போது, 'ஆசிரியரோடு நேரில் தனிப்படிப்பு' என்ற பதில் வந்தால் நல்லது.

'மாணவர்–ஆசிரியர் விகிதம் 11-க்கு 1' என்ற வாசகத்துக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. பல்கலைக்கழகம் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' ஆவணத்தில் ஐ பிரிவைப் பாருங்கள். முழுநேர ஆசிரியர் எத்தனை, பகுதிநேரம் எத்தனை, வகுப்பு அளவு எப்படிப் பிரிகிறது என்று அட்டவணை இருக்கும். பிறகு ஜே பிரிவில் எந்தத் துறையில் எத்தனை சதவீதம் பட்டம் என்று இருக்கும். காலேஜ் நேவிகேட்டரில் எண்ணிக்கையாகவே கிடைக்கும். உங்கள் மேஜரில் வருடத்துக்கு மூன்று பேர் பட்டம் வாங்குகிறார்கள் என்றால், அடுத்த செலவுக் குறைப்பில் வெட்டப்படும் துறை எது என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. துறையைத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறதென்றால் அந்த எண்ணுக்கு வேறு அர்த்தம் என்பதையும் சொல்ல வேண்டும்.

தக்கவைப்பு விகிதம் பி பிரிவில். முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பினார்கள் என்பது அது. 80-க்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி. 65-க்குக் கீழே என்றால் காரணம் கேளுங்கள். 200 பேர் சேரும் இடத்தில் பத்துப் பேர் போனாலே 5 சதவீதம் ஆடும், ஆகவே ஒரு வருட எண்ணை வைத்து முடிவுகட்டாமல் நான்கு வருடச் சராசரி எடுங்கள். பட்டம் முடித்தோர் விகிதம் ஆறு வருடக் கணக்கு என்பதும் நினைவிருக்கட்டும். நீங்கள் பணம் கட்டத் திட்டமிடுவது நான்கு வருடத்துக்கு. நான்கு வருட விகிதமும் அதே ஆவணத்திலிருந்து கணக்கிடக் கிடைக்கும்.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாத இடத்தில் ஆய்வகக் கருவியை இரண்டாம் ஆண்டு மாணவரே கையாளலாம். டென்னஸியின் செவானியில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக 13,000 ஏக்கர் இருக்கிறது. காடும் பாறையும் வாசலிலேயே இருந்தால் சூழலியலோ புவியியலோ படிப்பவருக்கு அதைவிட என்ன ஆய்வகம் வேண்டும்? உங்கள் பாடத்துக்கு ஊர்ப்புறம் உதவுகிறதா, இடையூறா என்று தனியாக எடைபோடுங்கள். நிதித் துறையில் பயிற்சி வேலை தேடுபவருக்கு அதே 13,000 ஏக்கர் வேலைக்கு ஆகாது.

நான்கு வருடச் செலவைக் கூட்டுவது

கடிதத்தில் வருவது முதல் வருடக் கணக்கு. உதவித்தொகை நிலையான தொகையாக இருக்க, கட்டணம் ஆண்டுதோறும் ஏறும் என்பதுதான் பொறி. கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு: கல்விக் கட்டணம் 44,000 டாலர், உதவித்தொகை 22,000, கட்டணம் வருடத்துக்கு 4 சதவீதம் ஏறுகிறது. முதல் வருடம் நீங்கள் கட்டுவது 22,000. இரண்டாம் வருடம் 23,760. மூன்றாம் வருடம் 25,590. நான்காம் வருடம் 27,494. முதல் வருடத் தொகையை நான்கால் பெருக்கியவருக்கு 10,844 டாலர் துண்டு விழும். விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு மூன்றும் ஏறுவது இதில் சேரவில்லை.

கேட்க வேண்டியவை: உதவித்தொகை கட்டணத்தோடு ஏறுமா? எந்த சராசரி மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள்? நிறுத்தியதை மறுபடி பெற முடியுமா? எட்டு செமஸ்டருக்கு மேல் நீளுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது காமன் டேட்டா செட்டின் ஹெச்6 பகுதியில் இருக்கும்: எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவு என்று. உங்களுக்கு வந்தது அந்தச் சராசரியை விடக் குறைவென்றால் மறுபரிசீலனை கேட்கத் தயங்க வேண்டாம். இடம் நிரம்பாத பல்கலைக்கழகம் மறுபடி பேசும்.

வளாக வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எஃப்-1 விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்தில் வேலை பார்க்கலாம் என்பது விதி. ஆனால் வளாக வேலைகளில் ஒரு பகுதி, மாணவர் வேலைக்கு மத்திய அரசு தரும் 'ஃபெடரல் வொர்க்-ஸ்டடி' பணத்தில் நடப்பது, அது வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. சிறிய ஊரில் மீதி இருப்பவை சில வேலைகள்தான். வாரம் 10 மணி நேரம் கிடைத்தாலும், மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரில் 30 வாரத்துக்கு 2,175 டாலர். கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது.

ஊரும் விடுமுறையும்

விடுதி எப்போது மூடப்படும் என்பதை முதலிலேயே கேளுங்கள். நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்ஸ்கிவிங், குளிர்கால விடுமுறை, வசந்த விடுமுறை ஆகியவற்றில் பல இடங்களில் விடுதியைப் பூட்டுவார்கள், உணவுக்கூடத்தையும் மூடுவார்கள். உள்ளூர் மாணவர் காரில் வீட்டுக்குப் போய்விடுவார். நீங்கள் எங்கே போவீர்கள்? தங்க அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா, அந்த நாட்களில் சமைக்க அடுப்பு இருக்கிறதா என்று மூன்றையும் கேட்க வேண்டும். தங்க விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு வழி செய்யாத இடங்கள் உண்டு. கடை நான்கு மைல் தள்ளி, வெளியே பனி, கையில் கார் இல்லை என்றால் மூன்று வாரம் மிக நீளமானது.

வாரக்கடைசியும் ஒரு கேள்வி. வெள்ளி மாலையே வளாகம் காலியாகும் இடங்கள் இருக்கின்றன. காமன் டேட்டா செட்டின் எஃப் பிரிவில் வெளிமாநில மாணவர் எத்தனை சதவீதம், விடுதியில் இருப்பவர் எத்தனை சதவீதம் என்று இருக்கும். இரண்டும் குறைவாக இருந்தால் சனி, ஞாயிறு ஆள் அரவம் இருக்காது. இதோடு விளையாட்டு வீரர் எண்ணிக்கையையும் பாருங்கள். கல்வித் துறையின் 'ஈக்விட்டி இன் அத்லெட்டிக்ஸ்' தளத்தில் கிடைக்கும். மாணவர் எண்ணிக்கை குறையும் சிறிய இடங்கள் புதிது புதிதாக விளையாட்டு அணி தொடங்கி ஆள் சேர்ப்பது உண்டு. 900 பேரில் 500 பேர் அணிகளில் இருந்தால், மாலை நேரமும் நட்பு வட்டமும் அணிகளைச் சுற்றியே அமையும். விளையாடாதவர் ஒதுங்கி நிற்பார்.

போக்குவரத்துக்கு வரைபடத்தில் ஒரு சோதனை: வளாகத்திலிருந்து விமான நிலையத்துக்கு வெள்ளி மாலை 6 மணிக்குப் பொதுப் போக்குவரத்தில் போக வழி கேளுங்கள். வழியே காட்டாவிட்டால், பல்கலைக்கழக வண்டி எந்தத் தேதிகளில் ஓடும், எவ்வளவு என்று கேட்க வேண்டும். மருத்துவமனைக்கும் அப்படியே. சிற்றூர் மருத்துவமனை காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் போதும். நாள்பட்ட நோய் உள்ளவர்கள் சிறப்பு மருத்துவர் எத்தனை மைலில் இருக்கிறார், அவர் மாணவர் காப்பீட்டில் வருகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மனநல ஆலோசகருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 1,000 முதல் 1,500 மாணவருக்கு ஒருவர். சிறிய இடங்களில் ஒருவர் இருப்பார், அவர் வேலையை விட்டால் யாரும் இருக்க மாட்டார். முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பாதுகாப்பு பற்றிய மூன்று வருட எண்கள், வளாகக் குற்ற விவரங்களை வெளியிடச் சொல்லும் கிளெரி சட்டப்படி ஒவ்வொரு அக்டோபர் 1-க்குள் வெளியிடும் அறிக்கையில் இருக்கும்.

விசா, வேலை

மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தில் கையெழுத்திடும் அலுவலருக்கு டிஎஸ்ஓ என்று பெயர். பெரிய பல்கலைக்கழகத்தில் இருபது பேர் இருப்பார்கள். சிறிய இடத்தில் ஒருவர், அவரே சேர்க்கை வேலையும் பார்ப்பார். குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். படிப்பு தொடர்பான வேலையைப் பட்டம் முடிந்ததும் பார்க்கத் தரும் அனுமதியான ஓபிடிக்கான விண்ணப்பத்தில் ஒரு வாரத் தாமதமும் ஒரு வேலையைப் பறித்துவிடும். கடந்த வருடம் எத்தனை ஓபிடி விண்ணப்பங்களுக்குப் பரிந்துரை செய்தீர்கள் என்று கேட்டால், அனுபவம் எவ்வளவு என்று பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஓபிடி 12 மாதம். ஸ்டெம் படிப்பு, அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஸ்டெம்மா இல்லையா என்பதைப் பாடத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை. படிப்புகளுக்கு அரசு தரும் வகைப்பாட்டு எண்ணான சிஐபி எண் தீர்மானிக்கிறது. பொருளாதாரத்துக்குப் பொது எண் 45.0601, அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. அளவைப் பொருளாதாரத்துக்கான 45.0603 இருக்கிறது. இரண்டு பட்டத்திலும் 'எகனாமிக்ஸ்' என்றே அச்சாகியிருக்கலாம். எந்த எண் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகிறவை, விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

முதுநிலைக்குப் போகிறவர்களுக்கான எச்சரிக்கை இங்கே. சிற்றூரில் தலைமை வளாகம், வேறு நகரத்தில் வாடகைக் கட்டடம், மாதத்தில் ஒரு வாரக்கடைசி மட்டும் நேரடி வகுப்பு, முதல் நாளிலிருந்தே சிபிடியில், அதாவது பாடத்திட்டத்தின் பகுதியாகப் படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதியில், முழுநேர வேலை என்று விற்கப்படும் படிப்புகள் இருக்கின்றன. 12 மாதம் முழுநேர சிபிடி பயன்படுத்தினால் அந்த நிலைப் படிப்புக்கான ஓபிடி போய்விடும். பின்னாளில் வேறு விசாவுக்கு மாறும்போது அந்தப் படிப்பு உண்மையானதா, வேலை பாடத்தோடு சம்பந்தப்பட்டதா என்று குடிவரவுத் துறை கேட்கலாம், நிரூபிக்க வேண்டியது நீங்கள். தலைமை வளாகத்தின் அங்கீகாரத்தைப் பார்த்துவிட்டு வாடகைக் கட்டடத்தில் சேராதீர்கள். நீங்கள் உட்காரப்போகும் முகவரிக்குச் செவிப் அனுமதி உண்டா என்று பாருங்கள்.

'95 சதவீதம் பேருக்கு வேலை' என்றால், எத்தனை பேரின் தகவல் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். நூறு பேரில் நாற்பது பேர் பதில் சொல்லி, அதில் 38 பேருக்கு வேலை என்றாலும் 95 சதவீதம்தான். 'காலேஜ் ஸ்கோர்கார்டு' காட்டும் சம்பளமும் மத்திய அரசின் உதவி பெற்ற மாணவர்களின் சம்பளம், வெளிநாட்டவர் அதில் இல்லை. லிங்க்ட்இன்னில் பல்கலைக்கழகப் பக்கத்தின் பழைய மாணவர் பகுதிக்குப் போய், உங்கள் மேஜரை வடிகட்டிப் போட்டு, வெளிநாட்டிலிருந்து வந்து படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பத்துப் பேரைப் பாருங்கள். அவர்களில் இருவருக்கு எழுதினால் ஒருவராவது பதில் போடுவார்.

யாரிடம் பேசுவது?

நேரில் போக முடிந்தால் வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண நாளில் போங்கள். அவர்கள் ஏற்பாடு செய்யும் திறந்த நாளில் எல்லா இடமும் அழகுதான். ஓர் இரவு விடுதியில் தங்கக் கேளுங்கள், சிறிய இடங்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும். இரவு 9 மணிக்கு நூலகத்தில் எத்தனை பேர், உணவுக்கூடத்தில் சைவ உணவு சாலட்டைத் தாண்டி என்ன இருக்கிறது, கழிவறைக் கூரை ஒழுகுகிறதா என்று பாருங்கள். பராமரிப்பைத் தள்ளிப்போடுவது பணநெருக்கடியின் முதல் அடையாளம். அது முகப்புக் கட்டடத்தில் தெரியாது, பின்னால் இருக்கும் விடுதியில் தெரியும்.

போக முடியாவிட்டால் மூன்று வீடியோ அழைப்பு போதும். துறைத் தலைவரிடம்: 'அடுத்த நான்கு வருடத்தில் யாராவது ஓய்வு பெறுகிறார்களா, அந்த இடத்தை நிரப்ப அனுமதி இருக்கிறதா?' மூன்றாம் ஆண்டு வெளிநாட்டு மாணவர் ஒருவரிடம், அதுவும் சேர்க்கை அலுவலகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மாணவத் தூதர் அல்லாத ஒருவரிடம்: 'போன டிசம்பரில் எங்கே தங்கினாய், எப்படிச் சாப்பிட்டாய்?' நிதி அலுவலகத்திடம்: 'பல்கலைக்கழகம் மூடப்பட்டால் மாணவர்களை ஏற்க வேறு கல்லூரியோடு டீச்-அவுட் ஒப்பந்தம் இருக்கிறதா?' கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பார்கள். ஆரோக்கியமான இடத்தில் இருப்பவர் சிரித்துவிட்டுத் தணிக்கை அறிக்கையை அனுப்பிவைப்பார்.

முன்பணம் திரும்ப வராது என்பதால் அதைக் கட்டும் முன், விசா மறுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா, உதவித்தொகையும் கூடவே வருமா என்பதும் அந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். சேர்ந்த பிறகு, ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் எல்லாப் பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப்பாகச் சொந்தக் கணினியில் இறக்கி, மதிப்பெண் பட்டியலின் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நேர்ந்தால் கிரெடிட்டை ஏற்பதற்கு அவர்கள் கேட்பது அந்த சிலபஸைத்தான். பழைய பல்கலைக்கழகத்தின் இணையதளம் அதற்குள் அணைக்கப்பட்டிருக்கலாம்.